சுண்ணாம்புகுளம் வரை

ஒரு மாம்பழத்தால் வீட்டை இழந்த பெண் வந்து சேர்ந்த ஊர் திருவாலங்காடு. கணவன் அனுப்பிய இரண்டு பழங்களில் ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்கு இட்டுவிட்டார் புனிதவதி. சாப்பாட்டின்போது கணவன் இரண்டாவதையும் கேட்க, இறைவனை வேண்டி ஒரு பழத்தை வரவழைத்து வைத்தார். முதல் பழத்தைவிட அது ருசியாக இருந்ததுதான் வினையாகிப்போனது. கணவன் பயந்து விலகினான்; அவர் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு காரைக்கால் அம்மையார் ஆனார். சிவன் உறையும் மண்ணில் கால் படக் கூடாதென்று தலையால் நடந்தார் என்பார்கள். தமிழ் சொல்லும் பயணங்களில் இவ்வளவு மெதுவானது வேறு இருக்க முடியாது.

வைகாசி மாதத்து விடியலில் அந்த ஊரிலிருந்துதான் கிளம்பினோம். வண்டி நண்பருடையது. கும்மிடிப்பூண்டி ஆலையொன்றில் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர். இந்தச் சாலைகளின் ஒவ்வொரு குழியையும் இருட்டில் அறிந்தவர், வெளிச்சத்தில் பார்த்ததில்லை என்று அவரே சொல்வார்.

கிளம்பியதற்குக் காரணம் கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அக்கா மகன். நாபா பள்ளத்தாக்கில் காரில் சுற்றியபோது எடுத்த படங்களை அனுப்பியிருந்தான். சாலையின் இருபுறமும் சீவி வாரிய தலைபோலத் திராட்சைக் கொடிகள், நடுநடுவே பழத்தோட்டங்கள், சின்னச்சின்ன ஊர்கள். கீழே ஒரு வரி: “மாமா, நம்ம பக்கம் இப்படி ஒரு ரோடு இருக்கா?”

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போ என்று எழுதியிருக்கலாம். அங்கே பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. ஆனால் அவன் கேட்டது ‘நம்ம பக்கம்’. அவன் பிறந்தது திருவள்ளூரில். பதில் எழுதும் முன்பு நாபாவைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அந்தப் பச்சை தானாக நின்றதில்லை. 1968-இல் நாபா நிர்வாகம் பள்ளத்தாக்கை வேளாண் காப்பு நிலமாக அறிவித்தது. அமெரிக்காவில் அப்படி ஓர் ஏற்பாடு அதுவே முதல். 20 ஏக்கருக்குக் குறைவாக நிலத்தைத் துண்டுபோட முடியாது என்றார்கள். பின்னர் அது 40 ஏக்கராயிற்று. எங்கள் நிலத்தை விற்பதைத் தடுக்க நீங்கள் யார் என்று அப்போது நில உடைமைக்காரர்கள் சிலர் சண்டைக்குப் போயிருக்கிறார்கள். இன்று சுற்றுலாப் பயணி கண்ணாடியை இறக்கிவிட்டு ரசிப்பது கொடியை மட்டுமில்லை, அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பதையும்தான். அப்படியானால் நம் சாலையோரம் தெரிவதும் யாரோ எதையோ முடிவு செய்ததன் உருவமாகத்தானே இருக்க வேண்டும்? அதைப் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன்.

திருவாலங்காட்டிலேயே முதல் முடிவு நிற்கிறது: திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகை நொதிக்க வைத்து வடித்தால் எரிசாராயம். இந்தியாவில் பிராந்தி, விஸ்கி என்ற பெயர்களில் விற்கப்படுவதில் பெரும்பகுதிக்கு அடிப்படை இதுதான். திராட்சையைக் காணாத பிராந்தி, பார்லியைக் காணாத விஸ்கி. 1983-இல் உருவான அரசு மது நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. ஆக, நமக்கும் ஒரு ‘ஒயின் தேசம்’ உண்டு. கடையின் பெயரே ஒயின்ஸ்தான். அங்கே கிடைக்கிற குடிவகைகளில் மிகக் குறைவாகப் போவது ஒயினாக இருக்கும்.

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் நின்றோம். பிணி தீர வேண்டி வெல்லம் வாங்கிக் குளத்தில் கரைக்கிறவர்கள் அந்த நேரத்திலேயே வந்துவிட்டிருந்தார்கள். தண்ணீரில் இறங்கிய வெல்லக்கட்டி ஓரம் கரைந்து சிறுத்துக்கொண்டே போவதை ஒரு பாட்டி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இனிப்பு இந்த வட்டாரத்தில் மருந்து. அது புளிக்கத் தொடங்கும்போதுதான் சர்க்கார் வருகிறது.

பூண்டி ஏரியில் வைகாசிக்கே உரிய அளவு தண்ணீர். கொசஸ்தலையாற்றை மறித்து 1944-இல் கட்டி முடித்த இந்த நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி பெயரை வைத்தார்கள். சென்னையின் மேயராக இதற்காகப் பாடுபட்டவர், முடிந்ததைப் பார்க்க இல்லை. பக்கத்திலேயே அத்திரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஓடைக்கரையில் கற்கோடரிகளைப் பொறுக்கினார். இங்கே கிடைத்த கருவிகளில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் நிறுவினார்கள். ஒரே மாதிரி கல்லை எடுத்து, ஒரே மாதிரி தட்டி, ஒரே மாதிரி கருவி. பூண்டியில் இருக்கும் தொல்பழங்கால அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிமுன் நின்ற நண்பர், “இதுவும் ஒரு ஃபேக்டரிதான்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஷிஃப்ட் மட்டும் இருந்திருக்காது” என்றார்.

சீத்தஞ்சேரிக் காட்டோரம் கடந்து ஊத்துக்கோட்டையை நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஊருக்கு வெளியே பனைகள் வரிசை கலைந்து நின்ற ஓரிடத்தில், சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் கட்டிய பெரியவர். குடத்தின் வாயில் ஓலைப் பட்டைகள் செருகியிருந்தன. ஆளுக்கு ஒரு பட்டை குடித்தோம். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து அதில் நிரப்பித் தரச் சொன்னேன்.

“மத்தியானத்துக்குள்ள குட்ச்சிடுங்க சார்.”

“சுண்ணாம்பு போட்டிருக்கீங்க இல்ல பெரியவரே?”

“போடாம? கம்மியா தடவுனா புளிச்சுடும், ஜாஸ்தி தடவுனா நாக்கு வெந்துடும். அதுக்குன்னு ஒரு கை இருக்குது. ஆனா சுண்ணாம்பு எம்மா நேரம் புடிச்சு நிறுத்தும்? மத்தியானத்துக்கு அப்பால அது எம் பொறுப்பு இல்ல.”

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவும் அரிவாள் ஒன்று. நடுவில் இருப்பது ஒரு பூச்சு. காற்றிலும் பாளையிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் சாறு சொட்டத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. சுண்ணாம்பின் காரத்தில் அவை தயங்குகின்றன, அவ்வளவுதான். 1937-இல் ராஜாஜி காலத்தில் சேலத்திலிருந்து தொடங்கிய மதுவிலக்குச் சட்டத்தின் பாதை பலமுறை திரும்பித் திரும்பி, 1987-இல் கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் மூடியதில் வந்து நின்றது. பாட்டிலில் அடைத்த பிராந்தி, விஸ்கி வகைக்கு அந்தத் தடை இல்லை. எனவே தமிழ்நாட்டில் ஒரு பனையேறியின் நேர்மை அவர் கலயத்துக்குள் இருக்கும் வெள்ளைப் பூச்சால் அளக்கப்படுகிறது.

ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரம். அங்கும் இதே பனை. ஆனால் அங்கே கள் இறக்குவது அனுமதி பெற்ற தொழில். மரங்களுக்கு இது தெரியாது. எல்லைக்கல்லின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நின்று, ஒரே காற்றுக்கு ஓலை உரசிக்கொள்கின்றன. எல்லாமே எல்லையில் நின்றுவிடுவதும் இல்லை. 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் புறப்பட்டு, ஊத்துக்கோட்டைக்கு அருகே ஜீரோ பாயின்ட் என்று அழைக்கப்படும் இடத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டிக்கு வருகிறது. 1996-இல் அது முதன்முதலாக வந்தபோது மலர்தூவி வரவேற்றோம். சென்னையின் தாகம் எல்லை தாண்டிய தண்ணீரால் தணிகிறது. கள் மட்டும் அங்கேயே நிற்கிறது.

அதே எல்லைக்கு அப்பால்தான் சுருட்டப்பள்ளி. பாற்கடல் கடைந்தபோது வந்த ஆலகாலத்தைக் குடித்த சிவன், மயங்கி அம்பிகையின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் கோலம். லிங்கமாகவோ ஆடுகிறவராகவோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மல்லாந்து கிடக்கும் சிவன் ஒரு அதிர்ச்சி. சுற்றிலும் தேவர்கள் கவலையோடு நிற்கிறார்கள். குடித்துவிட்டு வந்து கிடக்கும் ஆணின் தலையை மடியில் வாங்கிக்கொண்ட பெண்ணைக் கருவறையில் வைத்துக் கும்பிடுகிறோமே என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாதோ என்றும் தோன்றியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா வெகுநேரம் கண்மூடி நின்றார். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாதுதான். ஆனால் இங்கிருந்து வடக்கே, நெல்லூர் மாவட்டத்து துபகுண்டாவில், 1992-இல் பெண்கள் திரண்டு சாராயக்கடையை மூடவைத்ததும், அந்தத் தீ ஆந்திரம் முழுக்கப் பரவி அடுத்த ஆண்டே சாராயத்தைத் தடை செய்ய வைத்ததும் அப்படியொரு மடியின் வலியிலிருந்து பிறந்ததுதான். கள்ளுக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரையாளன் அந்த மடியைத் தாண்டிப் போய்விட முடியாது.

ஆனால் மடியில் கிடக்கும் தலையைக் கொண்டுபோனது எது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் மக்கள் குடித்துச் செத்தது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை சொன்னது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் அதே மெத்தனாலால்தான். வண்ணத்துக்கும் பசைக்கும் ரசாயனத்துக்கும் உரிய அந்தத் திரவம் எந்த மரத்திலும் சுரப்பதில்லை. ஆலகாலத்துக்கு நம் காலத்தில் டிரம்மும் லேபிளும் உண்டு.

ஊத்துக்கோட்டையிலிருந்து கிழக்கே திரும்பினால் மாந்தோப்புகள். அக்கா மகனுக்கு அனுப்பத் தகுந்த முதல் படம் இங்கேதான் கிடைத்தது. செம்மண், தாழ்ந்த கிளைகள், நிழலுக்குள் பச்சையாகத் தொங்கும் ருமானி. சென்னைக்காரர்களின் பழம் அது. ஆப்பிள்போல உருண்டை, தாள்போலத் தோல். தோப்புக்குள் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு காவல்காரக் குடும்பம். தோப்பு நிலத்துக்காரருடையது, பழம் வியாபாரியுடையது. தை மாதம் பூ எடுக்கும்போதே வியாபாரி குத்தகைக்கு விலை பேசிவிடுகிறார். அதன்பிறகு பூவை உதிர்க்கும் மழையும், குரங்கும், விலை வீழ்ச்சியும் அவர் பாடு. துறட்டியின் நுனியில் வலை கட்டிக் காய் பறித்துக்கொண்டிருந்த இளைஞரிடம் ஒரு பழம் வேண்டுமென்று கேட்டேன். சிரித்தார். “பழம் இங்க ஏது சார்? காயாத்தான் போவும். பழுக்கறதெல்லாம் மெட்ராஸ்லதான்.”

மாந்தோப்பின் நடுவில் நின்று ஒரு மாம்பழம் கிடைக்கவில்லை. காய், லாரியேறி நகரத்துக்குப் போய் மூடிய அறையில் பழுக்கிறது. முன்பு வைக்கோல் போதுமாயிருந்தது. அவசரம் வந்தபோது கார்பைடு கல் வந்தது. அது சட்டப்படி தடைசெய்யப்பட்டும் ‘கல்லு வெச்ச பழம்’ என்ற சொல் சந்தையை விட்டுப் போகவில்லை. கார்பைடு என்பது சுண்ணாம்பையும் கரியையும் மின் உலையில் சேர்த்து உருக்குவதுதான். பனங்கலயத்தில் இனிப்பை நிறுத்திவைக்கிற அதே சுண்ணாம்பு, உலைக்குப் போய்த் திரும்பினால் மாங்காயை விரட்டிப் பழுக்க வைக்கிறது. ஈரம் பட்டால் கார்பைடு விடுவது அசிட்டிலீன் வாயு. நண்பருக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். ஆலையில் இரும்பை வெட்ட அதைத்தான் எரிப்பார்களாம்.

தோப்புகளுக்கு நடுவே வேறொரு பயிர் தொடங்கிவிட்டது. சின்னச்சின்னக் கற்கள், வெள்ளையடித்து, வரிசையாக. நுழைவாயிலில் ஒரு வளைவு, இரண்டு அலங்காரப் பனை. நம் பனை இல்லை. பாளையும் விடாமல் நுங்கும் தராமல் நிற்கிற இறக்குமதி ரகம். விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். மாந்தோப்பு நடுவே மனை, இயற்கைச் சூழலில் முதலீடு என்கிற பாணியில்தான் எல்லாமே. ஒன்றில் மனை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாங்கன்று இலவசம் என்றிருந்தது. நாபாவில் 20 ஏக்கருக்குக் கீழே வெட்டாதே என்றார்கள். இங்கே 1,200 சதுர அடிக்குக் கன்று தருகிறார்கள். விற்ற நிலக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பூவிலேயே விலைபேசப்படும் தோப்பை வைத்துக்கொண்டு மகளுக்குக் கல்யாணம் செய்துபார்த்தவர் அவர்.

தேர்வாய்கண்டிகையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒருபக்கம் 2020-இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம், சென்னையின் குடிநீர் ஏரிகளில் இளையது. இன்னொரு பக்கம் சிப்காட். ஊர்க்காரர்கள் ஆடுமாடு மேய்த்த, விறகும் மூலிகையும் எடுத்த மேய்க்கால் நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் தொழிற்பேட்டைக்குப் போனது. அதை எதிர்த்து அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அங்கே வந்த பெரிய ஆலை, பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலினுடையது. 2009-இல் தமிழ்நாட்டு அரசோடு ஒப்பந்தம் போட்டது.

மிஷெலின் என்ற பெயரைச் சுற்றுச்சுவரில் பார்த்தபோதுதான் இந்தப் பயணத்தின் சூத்திரதாரி யாரென்று உறைத்தது. 1900-இல், பிரான்சில் கார்களே சில ஆயிரம்தான் இருந்தபோது, மிஷெலின் சகோதரர்கள் ஒரு வழிகாட்டி நூலை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே டயர் மாற்றலாம். மக்கள் காரில் ஊர்சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும். 1926-இல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். பிறகு அது மூன்று நட்சத்திரமாக விரிந்தது. ஒன்று என்றால் நல்ல கடை. இரண்டு என்றால் வழியை வளைத்துக்கொண்டு போகலாம். மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் புறப்படலாம். திராட்சைத் தோட்டங்கள் வழியாக மெதுவாகக் காரோட்டிப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புவது என்ற ஆசையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் ஒரு டயர்க் கம்பெனிக்குப் பெரிய பங்குண்டு. அந்தக் கம்பெனியின் டயர், ஆடுகள் மேய்ந்த இந்த மண்ணில் வந்து பிறக்கிறது. அக்கா மகனின் படத்துக்குள் தெரிந்த சாலையும் நான் நின்றுகொண்டிருந்த சாலையும் இரண்டு இல்லை. ஒன்றின் முன்பக்கம் அது, பின்பக்கம் இது.

“இந்த சிப்காட் வரலைன்னா என் பசங்க படிச்சிருக்க மாட்டாங்க” என்றார் நண்பர், நான் எதுவும் கேட்காமலே. தேர்வாயைச் சொல்லவில்லை அவர், கும்மிடிப்பூண்டியைச் சொன்னார். அவர் அப்பா பனையேறியாக இருந்தவர். நெஞ்சில் மரம் உராய்ந்து காய்ப்பேறிய தடம் சாகும்வரை இருந்ததாம். மரத்திலிருந்து விழுந்தவர்களின் கதைகள் அவர்கள் வீட்டில் நிறைய. “எங்கப்பா ஒரு நாளும் என்னை ஏறச் சொன்னதில்ல. ஏறுனா காலை வெட்டுவேன்னாரு.” நிலக்காட்சி என்று நாம் தூரத்திலிருந்து சொல்வதற்குள் ஒருவருடைய நெஞ்சுத்தோல் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டிக்குள் நுழையும்போது காற்றின் வாசனை மாறுகிறது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள், கேட்டுகளுக்கு வெளியே ஒடியாவும் இந்தியும் பேசும் இளைஞர்கள். ஜி.என்.டி. சாலை என்று பழையவர்கள் சொல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. அதன் ஓரத்தில் தார்ப்பாய் நிழலில் நுங்கு வெட்டுகிறார்கள். பனைகள் குறைந்துகொண்டு வருகின்றன. செங்கல் சூளைக்கு விறகாகப் போன மரங்களுக்குக் கணக்கில்லை. மாநில மரத்தை ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-இல் அரசு சொன்னது. ஏற ஆளில்லாத மரத்தை எத்தனை காலம் உத்தரவு நிறுத்தி வைக்கும்?

இதே ஊரில், இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் நண்பரோடு வேலை பார்த்திருக்கிறார். பதநீரை அவருடைய அம்மா ‘கருப்பணி’ என்பாராம். யாழ்ப்பாணத்தில் அதுதான் சொல். கள்ளுக்கடைக்கு அங்கே ‘தவறணை’. ஒளிக்காமல் சொல்லக்கூடிய சொல்லாக, ஊரின் ஓர் அடையாளமாக, தபாலாபீஸ்போல. இலங்கையில் 1978 முதல் பனைக்கென்றே ஓர் அபிவிருத்திச் சபையும் உண்டு. ஒரே மரம், ஆந்திரத்தில் ஒரு சட்டம், யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவில் நம் சுண்ணாம்பு. முகாமிலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலையோரப் பனைகள் தெரியும். தெரிந்த மரம், தெரியாத விதிகள்.

மதியம் தாண்டிவிட்டது. ஆரம்பாக்கம் பக்கமாகப் போய்க் கிழக்கே கடலை நோக்கித் திரும்பினோம். பழவேற்காடு ஏரியின் கரையோர ஊர்களில் ஒன்று சுண்ணாம்புகுளம். பெயருக்காகத்தான் அங்கே போனேன். ஏரியின் சேற்றுக்குள் தலைமுறை தலைமுறையாகப் படிந்த கிளிஞ்சல்களை அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இந்த ஏரிப்பகுதியின் பழைய தொழில். வீட்டுச் சுவருக்கு, வெற்றிலைக்கு, கலயத்துக்கு. காலையில் அந்தப் பெரியவரின் விரல் கலயத்தில் தடவிய வெள்ளை, ஒருவேளை இப்படியொரு கரையிலிருந்து புறப்பட்டதாக இருக்கலாம்.

ஏரி வெயிலில் தகடாகக் கிடந்தது. பூநாரைகள் போய்விட்டிருந்தன, அது அவற்றின் காலமில்லை. தூரத்தில் ஒரு படகு, அதற்கும் அப்பால் நீரும் வானமும் ஒட்டும் கோட்டில் ஆந்திரக் கரை. அக்கா மகனுக்கு அனுப்ப இதை ஒரு படம் எடுத்தேன். ஒரு வரியும் எழுதவில்லை.

அப்போதுதான் பின்சீட்டில் கிடந்த பாட்டில் ஞாபகம் வந்தது. எடுத்தேன். பிளாஸ்டிக் உப்பி, தொட்டால் கல்லாக இருந்தது. மேலே மெல்லிய நுரை. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. ஊத்துக்கோட்டையில் வாங்கியபோது அது சர்க்கார் கதர்க் கடையிலேயே வைத்து விற்கத் தகுந்த பானம். எந்தக் கிலோமீட்டரில் கோட்டைத் தாண்டியது? சுருட்டப்பள்ளி வாசலில் வண்டி வெயிலில் நின்றபோதா, மாந்தோப்பில் நான் பழம் தேடிக்கொண்டிருந்தபோதா, டயர் ஆலைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதா? இனிமேல் இதை வைத்திருப்பது குற்றமா, கீழே ஊற்றுவது பாவமா?

நண்பர் பாட்டிலை வாங்கி முகர்ந்தார். வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தார். “எங்கப்பா சட்டை” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வண்டி ஓட்ட வேண்டியவர், வாயில் வைக்கவில்லை.

நான் ஒரு மடக்கு குடித்தேன். முதலில் இனிப்பு, அதன் முதுகிலேயே ஒரு புளிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் சுண்ணாம்பு. பெரியவர் சொன்ன மத்தியானம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.